கிளுவை தழைக்கும் வரை

வேலிச்செடி விற்கிற பிழைப்பு ஒரு தினுசானது. மற்ற வியாபாரத்தில் சரக்கு கெட்டுப்போயிருந்தால் வாங்கினவன் திட்டுவான். எங்கள் வியாபாரத்தில் சரக்கு குத்தாவிட்டால் திட்டுவான். சுதந்திரம் வந்த புதிதில் மைசூரில் ஊருக்கு வெளியே தெருத்தெருவாக மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். முள்கம்பிக்கோ பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக் காத்து அலுத்துப்போனவர்கள் எல்லாரும் கடைசியில் மலைக்குப் போகிற சாலையில் இருந்த எங்கள் நர்சரிக்குத்தான் வந்து சேருவார்கள். அங்கே வேலிச்செடிப் பகுதிக்கு நான் பொறுப்பு. பேர் நாச்சிமுத்து, ஊர் ஹனூர் பக்கம்.

முதலாளியை ஆச்சார் என்போம். மேலுகோட்டைக் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம். அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பேரையும் தகரத்தில் எழுதிக் குத்தி வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, பெயின்ட்டில் எழுதுவது என் வேலை. இன்னொரு சட்டம், வேர் பிடிக்காத செடிக்குப் பேர் எழுதக் கூடாது. விரலில் ஏறின முள்ளை ஊசியால் நோண்டிக்கொண்டே சோறு தின்றவர்களும், மாமனாரிடம் வாயை விட்டு மாட்டிக்கொண்ட மருமகன்களும் இதைப் படித்தால் என் கஷ்டம் சட்டென்று புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்திக்கள்ளி

பென்ஷன் வாங்குகிற ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். புது வீடு. மாடு வரக்கூடாது, திருடன் வரக்கூடாது, ஆனால் பார்க்க அழகாக இருக்க வேண்டும், பூவும் பூக்க வேண்டும், தண்ணீரும் ஊற்ற முடியாது என்றார் வாத்தியார். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருக்கிறது என்று சப்பாத்திக்கள்ளிக்கு அழைத்துப் போனேன். மஞ்சள் பூ, சிவப்புப் பழம். பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொடி முள்தான் ஆபத்து என்பதையும் சொன்னேன். நான் பொய் சொல்லி விற்கிறவன் இல்லை.

வாத்தியாருக்குப் பிடித்துவிட்டது. அவர் சம்சாரம் தகரத்தைக் குனிந்து படித்தார். தமிழில் சப்பாத்திக்கள்ளி, கன்னடத்தில் பாப்பாசு கள்ளி. பாப்பாசு என்றால் செருப்பு. நம்மவர்கள் அந்த மடலைப் பார்த்தபோது பசியோடு இருந்திருக்கிறார்கள், கன்னடக்காரர்கள் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அம்மாள் நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார்:

“ஆத்தைச் சுத்தி செருப்பா நட்டு வெச்சா, வர்றவா என்ன நெனச்சுப்பா?”

முள்ளம்பன்றி

எனக்குக் கல்யாணமான தை மாதமே பழனியம்மாவை மைசூருக்குக் கூட்டி வந்துவிட்டேன். நர்சரிக்குப் பின்னால் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு கூரை போட்டுக்கொள்ளச் சொல்லி ஆச்சார் விட்டிருந்தார். அதற்கு அப்பால் மலையடிவாரத்துப் புதர். பக்கத்தில் டேலியாப் பாத்தி. டேலியாக் கிழங்கு என்றால் முள்ளம்பன்றிக்கு உயிர். பொழுது விடிந்து பார்த்தால் பாத்தி நோண்டிக் கிடக்கும், நாலைந்து முள் உதிர்ந்து கிடக்கும். பழனியம்மா அதைப் பொறுக்கி வந்து கூரையில் செருகி வைப்பாள். வெள்ளையும் கறுப்புமாக அழகாகத்தான் இருக்கும். ஒரு நாள் விடியக்காலம் தண்ணீர் எடுக்கப் போனவள் ஒரு முள்ளை மிதித்துவிட்டாள். பாதத்தில் ஏறி முனை ஒடிந்துவிட்டது. கால் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது.

சேதி கேட்டு மாசியில் மாமனார் வந்தார். கொள்ளேகாலுக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. மகள் காலைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். “ஏனுங் மாப்ளே, வேலியில்லாத காட்டுல நாங்க மாட்டைக்கூடக் கட்ட மாட்டோமுங்க. எங்க புள்ளைய எப்படி உட்டுட்டுப் போறது?” என்றார். நியாயமான பேச்சு. ஆனால் ஊருக்கே வேலி விற்கிறவனைப் பார்த்துச் சொன்னால் சுருக்கென்று தைக்காதா? எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. “கூட்டிட்டுப் போங்க. எங்கிட்ட ஒரு வேலி தழைச்சு நிக்கிற அன்னைக்கு நானே வந்து கூட்டிக்கறேன். அது வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

பழனியம்மா நொண்டிக்கொண்டே வந்து வண்டியில் ஏறினாள். நான் டேலியாப் பாத்தியைப் பார்த்தபடி நின்றேன். வண்டி நகர்ந்த பிறகு அவள் தலையை நீட்டிச் சொன்னாள்:

“சோத்துச் சட்டியில தண்ணி ஊத்தி வெச்சிருக்கறேன். வீணாக்காம எடுத்துத் தின்னுங்க.”

கல்யாண முருங்கை

இந்த மரத்துக்கு முள் முருங்கை என்றும் பேர் உண்டு, கல்யாண முருங்கை என்றும் பேர் உண்டு. கன்னடத்தில் ஹாலிவாண. முள்ளையும் கல்யாணத்தையும் ஒரே மரத்துக்குப் பேராக வைத்தவன் கல்யாணமானவனாகத்தான் இருக்க வேண்டும். இது போத்திலேயே வரும். கிளையைக் கை நீளத்துக்கு வெட்டி நட்டால் அதுதான் போத்து. வேரும் இலையும் அதுவாக விடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஒருவர் இருபது போத்து வாங்கிப் போனார். ஒரு மாதம் கழித்து வந்து ஒன்றுகூட வரவில்லை என்றார். இன்னும் இருபது கொடுத்தேன். அதுவும் வரவில்லை. எங்கள் போத்தைக் குறை சொன்னால் எனக்கு ஆகாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு போத்தாகப் பிடுங்கி, அடியைத் தடவிப் பார்த்து, திரும்பச் செருகிக்கொண்டிருந்தார். தினமும் இதுதான் வேலையாம்.

நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். “வேர்ங்கறது மயிரு மாதிரி மெல்லிசா விடும், நீங்க அசைச்சா அறுந்து போயிரும், படிச்ச மனுசன் இது தெரியாதா உங்களுக்கு?” என்றெல்லாம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படிங்க சும்மா இருக்கறது?”

கிளுவை

எங்கள் பக்கத்தில் வேலி என்றால் கிளுவைதான். ஒரு தலைமுறை நட்டால் நாலு தலைமுறைக்கு நிற்கும். மழை விழுந்தால் தழைக்கும், கோடையில் இலை உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நிற்கும். மைசூர் நர்சரியில் அது கிடையாது. என் கூரையைச் சுற்றி வேறு எதையாவது நட்டிருக்கலாம். ஆனால் மாமனார் வந்து பார்த்து, ‘இதெல்லாம் ஒரு வேலியா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. கிளுவைதான் வேண்டும். அதை யாரிடம் போய்க் கேட்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் கொள்ளேகால் பஸ் கண்டக்டர் ஒரு கட்டைக் கொண்டுவந்து நர்சரி வாசலில் போட்டார். அத்தனையும் கிளுவைப் போத்து. வெட்டின முனை காயாமல் இருக்கச் சாணி பூசியிருந்தது. பழனியம்மாவின் பச்சைச் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பன் வேலியிலேயே வெட்டி, எனக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தச் சேலைக் கரையை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாணி வாசம்தான் அடித்தது. இருந்தாலும் அன்றைக்கு முழுவதும் அதைப் பையை விட்டு எடுக்கவில்லை.

கன்னடத்தில் கிளுவைக்கு என்ன பேர் என்று ஆச்சார் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. “சரி, மொதல்ல வேர் பிடிக்கட்டும், அப்பறம் பேரைப் பாத்துக்கலாம்” என்றார். கண்டக்டர் மட்டும் போகாமல் நின்று நான் போத்துகளை ஒவ்வொன்றாகத் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரே மைசூருக்கு வந்து பூச்செடி வாங்கிட்டுப் போவுதுங்க. உங்களுக்கு மட்டும்தான் முள்ளு வருது.”

காகிதப்பூ

தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவருக்குக் காகிதப்பூ விற்றேன். அதற்கும் முள் உண்டு. பூவைப் பார்த்து மயங்கினவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அவர் வீட்டுக்குக் கிழக்கே பக்கத்து வீடு, அந்தப் பக்கம்தான் வெயில். செடி பூவையெல்லாம் வெயில் பக்கம் காட்டிற்று. தண்ணீர் ஊற்றினவர் பக்கம் வெறும் தண்டும் முள்ளும்தான். ஆறு மாதம் கழித்துச் சட்டையில் ஒரு கிழிசலோடு வந்தார்.

“பூவெல்லாம் அவங்க பக்கம், முள்ளு பூரா எங்க பக்கம். செடிய வித்தவரு நீங்கதானே, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.”

தொட்டாற்சுருங்கி

இதை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆச்சார் வேடிக்கைக்காக கேட் ஓரத்தில் விட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் குனிந்து ஒரு தொடு தொட்டுவிட்டு, அது மூடிக்கொள்வதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முள் குத்தின விரலை வாயில் வைத்துக்கொண்டு போவார்கள். தமிழில் தொட்டாற்சுருங்கி. கன்னடத்தில் முட்டிதரெ முனி. தொட்டால் கோபித்துக்கொள்ளும் என்று அர்த்தம். நாம் வெட்கம் என்கிறோம், அவர்கள் கோபம் என்கிறார்கள்.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளைக்கு நஞ்சன்கூட்டில் வேலை, பெண்ணுக்கு மைசூரிலேயே பிறந்த வீடு. வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு இலையைத் தொட்டார். மூடிக்கொண்டது. வெட்கம் என்றார் அவர். தகரத்தைப் படித்துவிட்டு, இல்லை கோபம்தான், நம் கன்னடக்காரர்களுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது என்று அவரே சொன்னார். பிறகு நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று முன்னால் நடந்தார். அந்தப் பெண் இன்னும் செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம்தான் சொல்லிற்று என்று நினைக்கிறேன்.

“வெக்கமுமில்லை, கோபமுமில்லைங்க. தொட்டுட்டு உடனே கெளம்பிப் போயிடறாங்கள்ல, அதுதான்.”

மூன்று வெள்ளை விழுந்த முள்

ஆச்சார் வீட்டு மனிதர்களுக்குள் ஒரு வழக்கம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சீமந்தம் செய்கிறபோது புருஷன் முள்ளம்பன்றி முள்ளால் அவள் வகிட்டை நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் எடுத்துவிட வேண்டும். கண்ட முள்ளும் ஆகாது. மூன்று இடத்தில் வெள்ளை விழுந்ததாக இருக்க வேண்டும். மைசூரில் யாராத்தில் சீமந்தம் என்றாலும் ஆச்சாரிடம்தான் கேட்டு வருவார்கள். டேலியாப் பாத்தியில் பொறுக்கி, வெள்ளையை எண்ணி, கழுவித் துடைத்துக் கொடுக்கிறவன் நான்.

ஆனி மாதத்தில் ஒரு தடவை கண்டக்டர், பழனியம்மா முழுகாமல் இருக்கிறாள், ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என்னிடமிருந்து போகும்போதே இருந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கம் முள் எடுக்கிற வழக்கம் இல்லை. பெண் வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போவார்கள். எங்கள் விஷயத்தில் பெண்ணே அங்கேதான் இருந்தாள். யார் யாருக்குச் சோறு கட்டிக்கொண்டு வருவது? போத்துகளோ ஆடி மழைக்கும் அசையவில்லை.

அந்த ஆடியில் ஆச்சாரின் மருமகளுக்குச் சீமந்தம் வந்தது. இருந்ததிலேயே நல்ல முள்ளாக எடுத்துக்கொண்டு போய் அவர் சம்சாரத்திடம் கொடுத்தேன். அது பழனியம்மா கூரையில் செருகி வைத்த முள். அம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது போலிருக்கிறது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஊர்ல இருக்கறவா வகிட்டுக்கெல்லாம் எடுத்துக் குடுக்கறே. உன் ஆம்படையா தலைய யாருப்பா வாரி விடறா?”

முள்ளெலி

தாராபுரத்துப் பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவர் ஒரு கூடையைப் பகல் முழுவதும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். உள்ளே ஒரு முள்ளெலி. உடம்பெல்லாம் முள், முகம் மட்டும் சாது. கூடையைத் திறந்ததும் சுருண்டு பந்தாகிவிட்டது. அது முகத்தைக் காட்டினால் பார்க்கலாம் என்று நான் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். வெகுநேரம் ஆயிற்று. பந்து பந்தாகவே இருந்தது. நான் குச்சியை எடுத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். இன்னும் இறுக்கிக்கொண்டது.

எங்களோடு தண்ணீர் கட்டுகிற சித்தப்பா என்று ஒரு மாலி உண்டு. சித்தப்பா என்பது அவர் பேர். கன்னடக்காரர், எனக்கு உறவு இல்லை. அவர் வாய்க்காலை மடை மாற்றிவிட்டு வந்து நின்றார். இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அந்த ஃபிட்டரைத் தெருவே கேட்கத் திட்டினேனே, அவர் செய்ததையேதான் நானும் செய்துகொண்டிருந்தேன். கிளுவை நட்ட எட்டாம் நாள் ஒரே ஒரு போத்தை மட்டும் பிடுங்கிப் பார்த்தேன். மறுநாள் பக்கத்துப் போத்து. அப்புறம் வரிசையாக. ஆட்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே எழுந்து பிடுங்கிப் பார்த்துவிட்டு, மண்ணை அணைத்து, ஒன்றும் தெரியாதவன் போல் பல் விளக்கப் போய்விடுவேன். புரட்டாசிக்குள் பாதி காய்ந்துவிட்டது. மைசூர் மண் சரியில்லை என்று ஆச்சாரிடம் சொல்லி வைத்தேன். எல்லாம் சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். கூடையைக் காட்டித்தான் சொன்னார், ஆனால் பார்த்தது என் கூரைப் பக்கம்:

“நீ இப்படி மேலேயே உட்கார்ந்திருந்தா அது எப்படிப்பா தெறக்கும்? கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வா.”

நெருஞ்சி

புரட்டாசி கடைசியில் கண்டக்டர் இன்னொரு கட்டுப் போத்தோடு வந்தார். அதே சாணி, இந்தத் தடவை நீலச் சேலைக் கரை. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். “பேரு வெக்கலீங்க. அப்பன் வந்துதான் வெக்கோணும்னு பழனியம்மா சொல்லிருச்சு” என்றார். நான் போட்ட சட்டையோடு கிளம்பி அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் சிரித்துக்கொண்டே கொள்ளேகாலுக்கு டிக்கெட் கிழித்தார்.

நரசிபுரம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. என்ன பேர் வைக்கலாம் என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கே டீ குடிக்க நிறுத்தினார்கள். மாமனார் வாசலில் உட்கார்ந்திருப்பார், ‘வேலி தழைஞ்சுருச்சுங்களா மாப்ளே’ என்று கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததுதான் தாமதம், கால் பஸ்ஸை விட்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் நெருஞ்சி. மஞ்சள் பூ பூத்து அழகாகக் கிடந்தது. செருப்பு முழுக்க முள். ஒரு கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் பிடுங்கினேன். டிரைவர் ஹாரன் அடித்தார், கண்டக்டர் கை தட்டிக் கூப்பிட்டார். நான் தலையைத் தூக்கவில்லை.

கண்டக்டர் கரை வரைக்கும் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்தவர் வற்புறுத்தவில்லை. அந்த ரோஷத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் திரும்பிப் போகும்போது கேட்டார்:

“அந்தப் புள்ள கிட்ட நான் உங்களைப் பாத்ததாச் சொல்லட்டுமா, பாக்கலீன்னு சொல்லட்டுமா?”

மறுபடியும் கிளுவை

இரண்டாம் கட்டை ஐப்பசி மழைக்கு நட்டேன். தொடவே கூடாது என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். பதினோரு நாள் தாங்கிற்று சத்தியம். கார்த்திகையில் நாலு போத்தில் பச்சையாகக் கண் விட்டது. அதைப் பார்த்ததும் மீதியிலும் வந்திருக்கும் என்ற ஆசையில் அத்தனையையும் பிடுங்கிப் பார்த்தேன். கண் விட்ட நாலும் கருகிப் போயிற்று. மார்கழி, தை போய் மாசி வந்தது. அவளைப் பார்த்து ஒரு வருஷம். ஊரிலிருக்கிற முள்ளுக்கெல்லாம் இரண்டு பாஷையில் பேர் எழுதுகிறவன் மகள் ஐந்து மாதமாகப் பேரில்லாமல் இருந்தாள். நர்சரியில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் ஆச்சார் சாப்பிடப் போன நேரம். நான் வரிசையில் உட்கார்ந்து ஒரு போத்தைப் பிடுங்கி அடியைத் தடவிக்கொண்டிருந்தேன். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. திரும்பினால் பழனியம்மா. இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு துணி மூட்டை. கண்டக்டர் கேட்டுக்கு வெளியே நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “உங்கப்பா எப்படி விட்டாரு?” என்றேன். “சொல்லிட்டுத்தான் வந்தேன். ரோஷமெல்லாம் உங்க ரெண்டு பேருக்குந்தான். எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கையெல்லாம் மண். பிள்ளை அழவில்லை, எப்போதும் என் சட்டைப் பையிலேயே இருக்கிற அந்தச் சேலைக் கரையைப் பிடித்து இழுத்தது.

பழனியம்மா நான் கீழே போட்ட போத்தை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே இன்னும் பச்சை இருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக நூல் போல் ஒன்று அறுந்து தொங்கியது. பிறகு வரிசை நெடுக நடந்தாள். ஒவ்வொரு போத்தைச் சுற்றியும் மண் தொளதொளவென்று குழி விழுந்து கிடந்தது. “மாசியில எந்தக் கிளுவை தழைக்குமுங்க? எங்கப்பன் வேலியே இப்ப மொட்டையாத்தான் நிக்குது” என்றாள். எனக்குத் தெரியாததா? ஊரெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். அவள் அந்தப் போத்தைக் குழியில் வைத்து மண்ணை அழுத்தி மிதித்தாள். முள் குத்தின அதே கால். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“வேர் வந்துச்சா, வேர் வந்துச்சான்னு இத்தனை தரம் இதைப் புடுங்கிப் பாத்தீங்களே. எங்களை ஒருக்கா வந்து பாத்திருக்கலாமில்லீங்க?”

இத்தனை வருஷம் வேலிச்செடி விற்றதில் நான் கண்டது இவ்வளவுதான்: சாணி பூசாமல், தண்ணீர் ஊற்றாமல், நட்ட அன்றைக்கே வேர் பிடித்த முள் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று, மாமனாரிடம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை.